இந்தியாவுக்கென்று அளவெடுத்த தோட்டா

மூன்றேகால் அங்குல உயரம். அடியில் பதினாறரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு விளிம்பு. மேலே போகப்போகச் சற்றே ஒடுங்கி, தோளில் சரிந்து, கழுத்து நேராக நிற்கும் பித்தளைக் கூடு. கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டில் ‘கைனாக்’ என்ற பெயரும் ‘470’ என்ற எண்ணும் வட்டமாகப் பொறித்திருக்கும். நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் உட்கார்ந்த குழி. சுட்ட தோட்டாவாக இருந்தால் அந்தக் கேப்பின்மேல் ஊசி குத்திய பள்ளம். பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போட்ட குவியலில் கிடந்தால், ஏதோ மோட்டார் சாமான் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். இதற்குப் பெயர் 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ். யானை, காட்டு மாடு என்று பெருவிலங்குகளை வீழ்த்தவே செய்த தோட்டா.

இதையும் இதன் அண்ணன் தம்பிகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சுடுவதற்காக அல்ல, பார்வைக்கு வைப்பதற்காக. பலகையில் வரிசையாகப் பதித்து, கீழே பெயர்ச்சீட்டு ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் தோட்டா வியாபாரிகளே. இங்கிலாந்தின் ஈலி, கைனாக், அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனிகள் தங்கள் சரக்கையெல்லாம் பலகையில் அடுக்கித் துப்பாக்கிக் கடைகளுக்கு விளம்பரமாகக் கொடுத்தன. அந்தப் பலகைகளே இன்று பெரிய விலைக்குப் போகும் சேகரிப்புப் பொருள்.

சேகரிப்பவர்கள் பேச்சில் ஆப்பிரிக்காதான் அடிக்கடி வரும். கென்யா, டாங்கனிக்கா, தந்த வேட்டை என்று கதை நீளும். ஆனால் 470 என்ற அந்த எண் ஆப்பிரிக்காவில் தீர்மானமானதல்ல. அதற்கு அளவெடுத்தது இந்தியா. இந்தியாவின் சட்டம், வெயில், மழை மூன்றும் இந்தத் தோட்டா இனத்தின்மேல் கைவைத்திருக்கின்றன.

கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும். கூடு வைத்த தோட்டா வருவதற்கு முன்பு துப்பாக்கியின் அளவை ஈயத்தால் சொன்னார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை நுழையும் குழல் பன்னிரண்டு போர். இன்றைக்கும் நம் ஊர் லைசென்ஸ் துப்பாக்கிகளில் புழங்கும் கணக்கு அது. நாலே உருண்டையாக்கினால் நாலு போர். ஒரு குண்டு 113 கிராம். இலங்கையில் சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் யானை வேட்டைக்கு இந்த அளவுப் பூதங்களைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதே தீவில் மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். 1845ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

பழனி மலைக்கு அந்தத் தலைமுறையில் வந்தவர் டக்ளஸ் ஹாமில்டன். மதராஸ் படையின் 21வது காலாட்படையைச் சேர்ந்தவர். மலைகளை ஆராய்ந்து வரையும் வேலை கிடைத்ததால் துப்பாக்கியும் தூரிகையுமாகச் சுற்றியவர். அவர் வரைந்த பழனி மலைக் காட்சிகள் இன்றும் வரலாற்றுக்காரர்களுக்கு உதவுகின்றன. அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892ல் புத்தகமாயின. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் காலத்து மனிதர் அவர். மழைக்காலத்தில் மருந்து நமத்துப்போகும். சுட்டவுடன் எழும் புகையில் எதிரே நிற்கும் மிருகமே தெரியாது. பித்தளைக் கூடு வந்ததும் இந்தத் தொல்லைகளில் பாதி தீர்ந்தது. புகையில்லாத மருந்து வந்ததும் மீதியும் தீர்ந்தது.

அந்தப் புகையில்லா மருந்தின் பெயர் கார்டைட். 1889ல் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் இருவரும் காப்புரிமை பெற்றார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, பெட்ரோலிய ஜெல்லி 5 பங்கு. பிசைந்து, அச்சில் பிழிந்து, பழுப்பு நிற இழைகளாக எடுத்து, கட்டாகக் கட்டிக் கூட்டுக்குள் நிற்க வைப்பார்கள். இந்த மருந்தை நம்பி லண்டன் ரிக்பி கம்பெனி 1898ல் 450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. இந்த எண்கள் குண்டின் அகலத்தைச் சுமாராகச் சொல்பவை. நாலு போர் துப்பாக்கி செய்த வேலையை அதில் பாதிக் கனமே உள்ள ரெட்டைக்குழல் ரைபிள் செய்தது. வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கம்பெனிகள் பலவும் 450க்கே ரைபிள் செய்யத் தொடங்கின.

கதை திரும்புவது இங்கேதான். பிரிட்டிஷ் படை அதற்கு முன் வைத்திருந்தது மார்ட்டினி ஹென்ரி துப்பாக்கி. அதன் குண்டும் 450 அளவுதான். படை .303க்கு மாறிய பிறகும் பழைய மார்ட்டினிகள் வடமேற்கு எல்லையில் ஏராளமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திருடியவை, கடத்தியவை, உள்ளூர்க் கொல்லர்கள் அச்சு அசலாகச் செய்தவை. வேட்டைத் தோட்டாவை அப்படியே மார்ட்டினியில் போட முடியாது, கூடு வேறு. ஆனால் குண்டைப் பிடுங்கி எடுத்து மார்ட்டினிக் கூட்டில் அடைத்துவிடலாமே? இந்தப் பயத்தில் 1907ல் இந்திய அரசு 450 அளவு ரைபிளும் தோட்டாவும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது.

லண்டன், பர்மிங்ஹாம் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தியா பெரிய சந்தை. மகாராஜா, ஜமீன்தார், கலெக்டர், தோட்டத் துரை என்று வாங்குபவர் பட்டியல் நீளம். அந்தச் சந்தையை விட முடியாது. எண்ணை மாற்றினால் தடை தொடாது. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் 465 என்றது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 476 என்றது. ஜெஃப்ரி 475 நம்பர் 2 என்றது. ஜோசப் லாங் கம்பெனி 470 என்றது. வேலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கனமுள்ள குண்டை ஒரே வேகத்தில் தள்ளுபவை. நூலிழை வித்தியாசங்களோடு இத்தனை தோட்டாக்கள் ஏன் என்று புதிதாகச் சேகரிக்க வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. இந்திய அரசின் ஒரு உத்தரவுதான் காரணம். என்னைக் கேட்டால் எந்தத் தோட்டாப் பலகையிலும் இந்த வரிசைக்கு மேலே 1907 என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்.

அரசின் பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் பட்டப்பகலில் கடத்திப் போனார்கள். மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி விற்ற அதே கம்பெனிதான் ரோடா.

470 தோட்டாக்களைச் செய்தது பர்மிங்ஹாமின் விட்டன் பகுதியில். ஜார்ஜ் கைனாக் 1862ல் அங்கே தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை பிறகு நோபல் இண்டஸ்ட்ரீஸாகி, 1926ல் ஐ.சி.ஐ.க்குள் சேர்ந்தது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டில் வில்லை வெட்டி, கிண்ணமாக அழுத்தி, மறுபடி மறுபடி இழுத்து நீட்டினால் கூடு வரும். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை இறுகும். நடுநடுவே சூடுகாட்டி இளக்க வேண்டும். பிறகு கேப், கார்டைட் கட்டு, அதன்மேல் அட்டை, கடைசியாகக் குண்டு. குண்டு 500 கிரெய்ன், அதாவது 32 கிராமுக்கும் சற்று மேலே. நாலு சவரன் கனம். ராணுவத்து .303 குண்டு 11 கிராம்தான்.

இந்தக் கூடு ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கும் விடை வெயிலில் இருக்கிறது. கார்டைட் சூட்டுக்குச் சட்டென்று மாறும் சரக்கு. இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக வெடித்தது, சித்திரை வெயிலில் காய்ந்த குழலுக்குள் அழுத்தம் கூடி வெடிக்கும். கூடு உப்பிக் குழலோடு ஒட்டிக்கொள்ளும். ரெட்டைக்குழலைத் திறக்க முடியாது. எதிரே அடிபட்ட காட்டு மாடு திரும்பி வரும்போது துப்பாக்கி திறக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே கூட்டைப் பெரிதாக்கி, சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 டன்னுக்குள் அழுத்தத்தை அடக்கினார்கள். சில தோட்டாக்களில் மருந்தைக் கொஞ்சம் குறைத்து, வெப்ப நாட்டுக்கென்று தனியே செய்து அனுப்பினார்கள்.

மழையும் தன் பங்குக்கு ஒரு பாடம் நடத்தியது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பது வழக்கம். வெயில் வந்து எடுத்துப் பார்த்தால் கூடுகளின் கழுத்தில் வெடிப்பு. யாரும் சுடவில்லை, தட்டவில்லை; தானாகவே கீறியிருந்தது. காரணம் 1921 வரை பிடிபடவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, இழுத்து இறுகிப்போன பித்தளையை அரித்து வெடிக்க வைத்தது என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். கூட்டை லேசாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்தினால் தீர்வு. உலோகவியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் இந்தச் சங்கதி நம் நாட்டு மழையில் நனைந்த லாயத்தில் தொடங்கியது. சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு, பின்னால் வருகிறேன்.

விட்டனிலிருந்து கப்பலேறி, சூயஸ் கால்வாய் கடந்து, மதராஸ் வந்து இறங்கியது தோட்டா. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ், வேட்டைத் துப்பாக்கியும் விற்றது. அந்தக் கடையின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டும். அங்கிருந்து ரயிலில் அம்மையநாயக்கனூர்; இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். 1916ல் மோட்டார் பாதை திறக்கும்வரை, பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு போய், அங்கிருந்து டோலியும் தலைச்சுமையுமாக மலையேற வேண்டும். கீழ்மலைப் பக்கம், அதாவது பாச்சலூர், தாண்டிக்குடி, கே.சி. பட்டிக்கு, ஒத்தையடிப் பாதையும் பொதிக் குதிரையும்தான்.

பழனி மலையில் இந்தத் தோட்டா எதை நோக்கிச் சுடப்பட்டது? பலகையில் ‘யானைத் தோட்டா’ என்று சீட்டு ஒட்டுபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மதராஸ் மாகாணம் 1873லேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டுவிட்டது. இந்தியா முழுமைக்கும் 1879ல்தான் வந்தது. பொதுவாக, ஆள் கொல்லும் யானை என்று அரசே அறிவித்து அனுமதி கொடுத்தால்தான் சுட முடிந்தது. ஆக, தென்னாட்டு மலைகளில் இந்தப் பெரிய ரைபிள்களுக்கு அன்றாடம் இலக்கானது காட்டு மாடு. ஆயிரம் கிலோவை நெருங்கும் கிடா, தோளுயரம் ஆறடி. அதன் எலும்பைத் துளைக்க, முனை வரை உறை போட்ட கெட்டிக் குண்டு. புலி, சிறுத்தைக்கு, முனையில் ஈயம் தெரியும் மென்குண்டு. உள்ளே போய் விரியும். மென்முனைக் குண்டைப் படைக்குச் செய்து பெயர் வாங்கியது கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதசாலை. 1899ல் ஹேக் மாநாடு போரில் மனிதர்மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. விலங்குகள் விஷயத்தில் அந்தத் தடை இல்லை.

இந்தியக் காட்டு எழுத்தில் பேர்போன இரண்டு பேரும் 470காரர்கள் அல்ல. ஜிம் கார்பெட் வைத்திருந்த பெரிய ரைபிள் ஜெஃப்ரி செய்த 450/400. 450 கூட்டின் கழுத்தை 400க்கு ஒடுக்கியது. பெங்களூர் கென்னத் ஆண்டர்சன், சேலம், தருமபுரிக் காடுகளில் தூக்கிக்கொண்டு அலைந்தது அமெரிக்க 405 வின்செஸ்டர். ரெட்டைக்குழல் 470 பணக்காரர் வீட்டுச் சாமான். இந்த வேட்டைக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. எந்தத் தோட்டா, எத்தனை கிரெய்ன், எத்தனை கஜத்தில் சுட்டது என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். தடம் பார்த்து மிருகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய பளியருக்கோ புலையருக்கோ பல பக்கங்களில் பெயரே இருக்காது.

கார்டைட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையை அரசு தொடங்கியது 1903ல். குளிர்ந்த ஊர் என்பது அந்த வெடிமருந்துக்கு வசதி. காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஆனால் அந்த மருந்து போனது படைத் தோட்டாக்களுக்கு. வேட்டைத் தோட்டா வெளியூர்ச் சரக்காகவே கடைசிவரை இருந்தது.

அந்தக் கடைசியும் சடாரென்று வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கெடுபிடி. 1970ஐ ஒட்டி கைனாக் பெரிய வேட்டைத் தோட்டாக்கள் செய்வதையே நிறுத்தியது. பேரரசு போன பிறகு யாருக்கு விற்பது? இங்கே 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது. சுட ஆளுமில்லை, தோட்டாவுமில்லை. ஜமீன் வீட்டு ரெட்டைக்குழல்கள் பல, வெளிநாட்டு வியாபாரிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் 1990களில் இங்கிலாந்தில் கைனாம்கோ என்ற சிறு நிறுவனம் கைனாக் பெயரிலேயே இந்தத் தோட்டாக்களை மறுபடி செய்யத் தொடங்கியது. அடித்தட்டைப் பார்த்து பழசா புதுசா என்று பிரிப்பதே இன்று சேகரிப்பவர்களிடையே ஒரு வித்தை. கேப் எடுத்த குழியில் இரண்டு சிறு துளைகளும் நடுவில் ஒரு மேடும் இருந்தால் பழைய காலத்து பெர்டன் வகை. ஒரே துளை என்றால் பிற்காலத்தது என்று சந்தேகப்படலாம்.

இன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை வழியாக மேலேறிப் பாச்சலூர் போனால், காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. இரவில் யானை வரும். வாழையையும் பலாவையும் தேடி வரும். தோட்டக்காரர்கள் கையில் இருப்பது டார்ச்சும் பட்டாசும்தான். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013ல் அறிவிக்கப்பட்டது. 608 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலே. காட்டு மாடு கொடைக்கானல் ஊர்த் தெருவிலேயே நடக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து வேட்டைத் தோட்டா என்று பேச்செடுத்தால், “யாரு, ஃபாரஸ்ட்டா?” என்று பக்கத்து பெஞ்சு எழுந்துவிடும். கள்ளத் துப்பாக்கி, அவுட்டுக்காய் வெடி என்று கேஸ் பார்த்த மலை. லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்டக்காரர்களிடம் பன்னிரண்டு போரோ, இஷாப்பூர் .315ஓ இருக்கும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த .315ம் தடையின் வழித்தோன்றல்தான். படையின் .303 தனியாருக்குக் கூடாது என்பதால், ஆஸ்திரிய 8 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்து நமக்குப் பழக்கினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் 470ஐப் பார்வைக்கு வைப்பது எப்படி? சட்டம் முதலில். முழுத் தோட்டா என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அழகுக்கு வைத்தேன், தாத்தா வைத்திருந்தது என்ற பேச்சு எடுபடாது. சிறைத் தண்டனை உள்ள குற்றம். காலிக் கூடு போன்ற சிறு பாகங்களை மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல் வைத்திருப்பதற்குச் சட்டத்தின் 45வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனாலும் பைக்குள் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வழக்கம் மருந்தும் கேப்பும் செத்த தோட்டாவை வைப்பது. பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிடுவார்கள். நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்து உள்ளமைப்பைக் காட்டுவதும் உண்டு. இதெல்லாம் தெரிந்தவர் செய்யும் வேலை. பழைய கார்டைட் நாள்பட்டுச் சிதையும், கேப்பிலிருக்கும் மருந்து ஒரு தட்டுக்கே வெடிக்கும். வீட்டில் பிளையரால் குண்டைப் பிடுங்கிப் பார்ப்பது விளையாட்டல்ல.

அடுத்தது பராமரிப்பு. நம் வீடுகளில் பித்தளை என்றால் கை தானாகப் புளியைத் தேடும். புளியின் அமிலம் மேலே படிந்த பழுப்பை உரித்துவிடும். தேய்க்கத் தேய்க்க அடித்தட்டு எழுத்தும் மழுங்கும். அம்மோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். லாயத்தில் நடந்ததே அலமாரியிலும் நடக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் படாமல் வைத்தால் போதும். பழுப்பு இருக்கட்டும், அது அதன் வயது.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, சீட்டு. பெரும்பாலான பலகைகளில் அளவு மட்டும்தான் இருக்கும்: 470, 500/465, 577. எந்த மலையில், எந்தத் தோட்டத்தில், யார் கையில் இருந்தது என்பது இருக்காது. அது இல்லாத கூடு வெறும் பித்தளை. பர்மிங்ஹாமில் லட்சக்கணக்கில் செய்ததில் ஒன்று.

கீழ்மலைத் தோட்டக்காரர்களுக்கும் பழைய பங்களாக்களை வாங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணிலோ மரப்பெட்டியிலோ முழுத் தோட்டா கிடைத்தால், எடுத்து ஆட்டிப் பார்க்காமல், பிள்ளைகள் கையில் படாமல், அப்படியே வைத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். காலிக் கூடாக இருந்தால் அடித்தட்டைத் தெளிவாக ஒரு போட்டோ எடுங்கள். பெரியவர்களைக் கேட்டு, யாருடையது, எந்த ஆண்டு, கூட வழிகாட்டிப் போனவர் யார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களே வந்து சேர்ந்திருக்கின்றன. உங்களுக்கு வேண்டாமென்றால் எடைக்குப் போடுவதற்கு முன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். புளி மட்டும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.